பரதமும் ஒரு பாடமே

நம் அறநிலையத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, "டீச்சர், நடனத்தைப் பற்றி எழுதுங்கள், நடராஜர் தத்துவம், சிதம்பர இரகசியம், அப்படி ஏதாவது" என்றார்கள். அவற்றை நன்கு கற்றவர்கள் முன்பே எழுதியிருக்கிறார்கள். நான் நடனமணி அல்லள். சமய அறிஞரும் அல்லள். ஈப்போ வட்டாரத்து இடைநிலைப்பள்ளி ஒன்றில் முப்பதாண்டுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை. ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு சிறு பொருளையே எடுத்துக்கொள்கிறேன். நடனத்தைக் கணிதம், வரலாறு போல ஒரு பாடமாகக் கற்பிக்க முடியுமா? கற்பித்தால் யாருக்கு நன்மை? அதில் ஆலயமும் அறநிலையமும் செய்யக் கூடியது என்ன? இவையே இக்கட்டுரையின் கேள்விகள்.

தோட்டத்து வட்டம்

நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். 1877-ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நட்ட சில கன்றுகளோடு இம்மாநிலத்தில் தொடங்கிய ரப்பர்தான், பின்னாளில் நம்மில் பலருடைய பாட்டன் பூட்டனைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து சேர்த்தது. விடியுமுன் பெரட்டுக்குப் போய், மதியம் வரை பால் வெட்டி, வாளி சுமந்து திரும்பும் வாழ்க்கை. அந்த வாழ்க்கையில் 'நடன வகுப்பு' என்ற சொல்லுக்கே இடமில்லை.

ஆனால் ஆட்டத்துக்குக் குறைவில்லை. மாரியம்மன் திருவிழா வந்தால் கரகமும் காவடியும் புறப்படும். எங்கள் லயத்துப் பாட்டி ஒருவர் பெண் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கும்மியும் கோலாட்டமும் பழக்குவார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையொலியாலேயே தாளம் சொல்வார். அடி தவறுகிற பிள்ளையை வெளியே நிறுத்த மாட்டார்; தம் பக்கத்தில் நிற்க வைத்து, தோளில் தட்டித் தட்டிச் சரிசெய்வார். தோட்டத்தில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் அந்த வட்டத்துக்குள் இருந்தோம். இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

ஒரு மாணவியின் கேள்வி

ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைக்கு வந்த பிறகு ஈப்போவில் ஒரு நட்டுவனாரிடம் சில ஆண்டுகள் பரதம் கற்றேன். அரங்கேற்றம் செய்யவில்லை, அதற்கு வசதியும் இல்லை. ஆனாலும் பள்ளியில் நான் 'டான்ஸ் டீச்சர்' ஆகிவிட்டேன். ஆசிரியர் தினம், தீபாவளி விருந்து, கலை இரவு என்று எது வந்தாலும் ஒரு நடனம் வேண்டும் என்பார்கள். இரண்டு வாரத்தில் ஒரு நடனத்தை எப்படிக் கொண்டுவருவது? ஏற்கெனவே வெளியில் கற்றுக்கொண்டிருக்கும் நான்கைந்து மாணவிகளைத் தேர்ந்தெடுப்பேன். அவர்களிடம் சலங்கையும் உடையும் இருக்கும். வீட்டில் காரும் இருக்கும். தோட்டத்திலிருந்து பேருந்தில் வரும் பிள்ளைகளுக்குக் குத்துவிளக்குத் தூக்கும் வேலை, பூத்தூவும் வேலை.

1988-ஆம் ஆண்டு என்று நினைவு. பள்ளி முடிந்து ஒத்திகைக்கு நின்றபோது, "ஆடத் தெரிஞ்சவங்க மட்டும் இருங்க, மத்தவங்க போகலாம்" என்றேன். மூன்றாம் படிவத்துத் தோட்டப் பிள்ளை ஒருத்தி கதவோரம் நின்றுகொண்டே இருந்தாள். "என்னம்மா, பஸ் போயிடப் போகுது" என்றேன். அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "டீச்சர், தெரிஞ்சவங்களுக்குத்தான் சொல்லிக் கொடுப்பீங்களா?"

கணக்குத் தெரிந்த பிள்ளைகளுக்கு மட்டும் கணக்குப் பாடம் நடத்துகிற ஆசிரியர் எங்கேனும் உண்டா? ஆனால் நடனத்தில் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அன்று எனக்குப் பதில் வரவில்லை. "அடுத்த வருஷம் பார்ப்போம்மா" என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த ஆண்டு அவள் வரவில்லை. தோட்டம் விற்கப்பட்டு, லயத்துக் குடும்பங்கள் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்துபோயின என்று பிறகு தெரிந்தது. 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று பழமொழி சொல்கிறோம். அந்தப் பிள்ளைக்கு நாம் கூடத்துக்குள் நுழையவே இடம் கொடுக்கவில்லை.

கலை வாசல் திறந்த கதை

நம் கலையின் வரலாறே வாசல் திறந்த கதைதான். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் படித்தவர்களுக்குத் தெரியும். மாதவி ஐந்து வயதில் ஆடத் தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன் அரங்கேறுகிறாள். ஆடலாசிரியன், இசையாசிரியன், மத்தளம் கொட்டுவோன், குழலோன், யாழாசிரியன் ஆகியோருக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று அக்காதை வரிசையாகச் சொல்கிறது. மேடையின் அளவையும் சொல்கிறது: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். ஆசிரியர் தகுதி, பயிற்சிக் காலம், கூடத்தின் அளவு, முடிவில் ஒரு தேர்வு ஆகிய நான்கும் அங்கே இருக்கின்றன. ஒரு பாடத்துக்கு வேறென்ன வேண்டும்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய சகோதரர்கள் அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான நிகழ்ச்சி முறையைச் சீர்ப்படுத்தினார்கள். தேவதாசிக் குலத்துப் பெண்டிரும் நட்டுவனார் குடும்பங்களும் இக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தனர். பிற வீட்டுப் பெண்கள் ஆடுவது இழிவு என்று கருதிய காலம் அது. 1935-இல் ருக்மிணி தேவி மேடையேறி, மறு ஆண்டு சென்னையில் கலாக்ஷேத்ராவைத் தொடங்கியபோது பலர் முகம் சுளித்தார்கள். அவருக்குக் கற்பித்தவர்களுள் ஒருவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்பதை மறக்கக் கூடாது. மரபுக் குடும்பங்கள் தந்த செல்வம் அது. அதைப் பள்ளியாக்கியது புதிய முயற்சி.

நம் நாட்டிலும் அவ்வாறே. கோலாலம்பூரில் 1981-இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் அருளால் தோன்றிய நுண்கலைக் கோயில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு ஆடலும் பாடலும் கற்பித்திருக்கிறது. 1983-இல் சூத்ரா நடன அரங்கைத் தொடங்கிய ராம்லி இப்ராகிம், பரதமும் ஒடிசியும் ஒரே இனத்துக்கு மட்டும் உரியவை அல்ல என்று உலகுக்குக் காட்டினார். ஆனாலும் குலத்தின் வாசல் திறந்த பிறகு, பணத்தின் வாசல் ஒன்று எஞ்சி நின்றது. மாதக் கட்டணம், உடை, நகை, ஒப்பனை, பக்கவாத்தியம், மண்டப வாடகை என்று அரங்கேற்றத்தின் செலவைக் கேட்டாலே தோட்டத்துக் குடும்பம் பின்வாங்கிவிடும்.

யாழ்ப்பாணத்தில் கண்டது

மாணவியின் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்ததால், 1990-இல் ஓர் ஆலய மண்டபத்தில் சனிக்கிழமை வகுப்புத் தொடங்கினேன். கட்டணம் இல்லை. உண்மையைச் சொல்ல வேண்டும்: முதல் பத்தாண்டு அது சரியாக நடக்கவில்லை. நவராத்திரிக்கு ஒரு நடனம், தைப்பூசத்துக்கு ஒரு நடனம் என்று மேடையையே குறியாக வைத்தேன். விழாவுக்கு இரண்டு மாதம் முன்பு பிள்ளைகள் வருவார்கள். விழா முடிந்ததும் மண்டபம் காலியாகும். ஆறாண்டு வந்த பிள்ளைக்கும் ஆறு பாட்டுக்கு ஆடத் தெரியுமே தவிர, ஒரு தாளத்தைத் தானே எண்ணத் தெரியாது.

என் கண்ணைத் திறந்தது ஒரு பயணம். ஈப்போவில் எங்கள் பக்கத்து வீட்டார் யாழ்ப்பாணத்துப் பூர்விகம். அவர்கள் தாத்தா அக்காலத்தில் மலாயா ரயில்வேயில் கிராணியாக வந்தவர். 2003-இல், போர் நிறுத்தம் இருந்த காலத்தில், அவர்கள் உறவினர் திருமணத்துக்கு என்னையும் அழைத்துச் சென்றார்கள். மருதனார்மடத்துக்கு அருகில் தங்கியிருந்தோம். அந்த வீட்டுப் பெண் பிள்ளை, பதினைந்து பதினாறு வயதிருக்கும், ஒரு கொப்பியை மடியில் வைத்து எதையோ மனனம் செய்துகொண்டிருந்தாள். பார்த்தால் அடவுகளின் சொற்கட்டு! "அரங்கேற்றம் எப்போதம்மா?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். "அரங்கேற்றமோ? இல்லை அன்ரி, நான் பள்ளிக்கூடத்திலைதான் படிக்கிறன். இது ஓ.எல். சோதனைக்கு."

இலங்கையில் நடனம் ஒரு பள்ளிப் பாடம் என்பதை அன்றுதான் நேரில் அறிந்தேன். இது அங்கே பல்லாண்டுகளாக இருந்துவரும் முறை. ஆறாம் வகுப்பு முதல் சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் ஆகிய அழகியற் பாடங்களில் ஒன்றை மாணவர் தேர்ந்துகொள்கிறார். பின்னர் க.பொ.த. சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் அதையே தேர்வுப் பாடமாக எடுக்கலாம். தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பரதம். சிங்களப் பிள்ளைகளுக்குக் கண்டிய நடனம் முதலான தேசிய நடனங்கள். எழுத்துத் தேர்வும் உண்டு, செய்முறைத் தேர்வும் உண்டு. இலங்கையில் 1945 முதல் இலவசக் கல்வி நடப்பதால், குடியானவர் வீட்டுப் பிள்ளையும் கட்டணமின்றிப் பரதம் கற்க வழியிருக்கிறது.

இதற்கெல்லாம் ஆசிரியர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டேன். வட இலங்கைச் சங்கீத சபை 1931 முதல் இயங்கி, இசைக்கும் நடனத்துக்கும் படிப்படியாகத் தேர்வு நடத்தி வந்தது. மருதனார்மடத்தில் 1960-இல் தோன்றிய இராமநாதன் இசைக் கல்லூரி பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பகுதியாயிற்று. கிழக்கே மட்டக்களப்பில், 'யாழ் நூல்' தந்த சுவாமி விபுலானந்தரின் பெயரால் ஓர் அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. முதலில் சபையும் கல்லூரியும், பிறகு பல்கலைக்கழகமும் ஆசிரியர்களை உருவாக்கின. இவற்றில் சபை என்பது ஊர் மக்கள் கூடி அமைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்தப் பிள்ளை மேடைக்காக ஆடவில்லை. அவளுடைய வகுப்பில் எல்லாரும் நன்றாக ஆடுபவர்களும் அல்லர் என்று அவளே சொன்னாள். ஆனால் எல்லாருக்கும் தாளம் தெரியும், முத்திரை தெரியும், கலையின் வரலாறு தெரியும். அங்கே போர்க்காலத்தில் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அந்த நெருக்கடியிலும் அழகியல் ஒரு பாடமாக நிலைத்திருந்தது. கணிதம் கற்கும் பிள்ளைகள் அனைவரும் கணித மேதை ஆவதில்லை. ஆனால் கணக்கு யாருக்கும் அந்நியம் இல்லை. நடனமும் அப்படி ஆக முடியும் என்பதை அந்தக் கொப்பி எனக்குக் காட்டியது.

நம் நாட்டு நிலை

நம் நாட்டில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. அதன் பிறகு பிள்ளைகள் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள். 2017-இல் தொடங்கிய இடைநிலைப்பள்ளிப் பாடத்திட்டத்தில் முதல் மூன்று படிவங்களில் காட்சிக்கலை அல்லது இசை ஆகிய இரண்டில் ஒன்று உண்டு, நடனம் இல்லை. சாதாரணப் பள்ளியில் நடனம் புறப்பாட நடவடிக்கையாக, பெரும்பாலும் விழாக்கால ஒத்திகையாகவே இருந்து வருகிறது.

நடனம் பாடமாகவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2007-இல் ஜொகூரிலும் கூச்சிங்கிலும் அரசாங்கம் மலேசியக் கலைப்பள்ளிகளைத் தொடங்கியது. பிறகு நம் ஈப்போவிலும் ஒன்று வந்தது. அங்கே நடனம், நடன அமைப்பு, நடன இரசனை என்பவை எஸ்.பி.எம். வரை செல்லும் பாடங்கள். நம் மாநிலத்திலேயே, தஞ்சோங் மாலிமில், 1922-இல் ஆசிரியர் கல்லூரியாகத் தொடங்கி 1997-இல் பல்கலைக்கழகமான சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகம் இசைக்கும் நிகழ்கலைக்கும் ஒரு புலம் வைத்திருக்கிறது. ஆர்வமும் திறமையும் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் இவற்றை அறிந்திருக்க வேண்டும். ஆனால் கலைப்பள்ளியில் சேரத் தேர்வு உண்டு, இடமும் குறைவு. கதவோரம் நின்ற அந்தப் பிள்ளையைப் போன்றவர்கள் தேர்வில் என்ன ஆடிக் காட்டுவார்கள்? அவர்களுக்கு முதலில் ஒரு வகுப்பறை வேண்டும்.

சனிக்கிழமைப் பாடம்

யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பிய பிறகு வகுப்பை மாற்றினேன். விழாவுக்கு ஆடுவது முதல் குறிக்கோள் அன்று என்று பெற்றோரைக் கூட்டிச் சொன்னேன். சிலர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். பதினைந்து பேர் எஞ்சினார்கள், அவர்களில் நால்வர் ஆண் பிள்ளைகள். ஆடல்வல்லானே ஆண் வடிவம்தானே என்று சொல்லித்தான் அந்த நால்வரின் கூச்சத்தைப் போக்கினேன்!

ஒன்றரை மணி நேரப் பாடம். வணக்கத்துக்கும் உடலைத் தளர்த்தும் பயிற்சிக்கும் பத்து நிமிடம். அரைமண்டியில் தட்டடவு, நாட்டடவு முதலிய அடவுகள் மூன்று காலத்தில், முப்பத்தைந்து நிமிடம். தாளம் இருபது நிமிடம். முத்திரை, பாவம், ஏட்டில் எழுதுதல் இருபத்தைந்து நிமிடம். இதை அப்படியே பிற ஆலயங்களும் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்காகவே விவரமாகச் சொல்கிறேன்.

தாளப் பாடத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஜாதிகள் ஐந்து: தகிட மூன்று, தகதிமி நான்கு, தகதகிட ஐந்து, தகிட தகதிமி ஏழு, தகதிமி தகதகிட ஒன்பது. ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. ஒவ்வொன்றிலும் நான்கு மாத்திரை வைத்தால் முப்பத்திரண்டு. பிள்ளைகளிடம் ஒரு கணக்குப் போட்டேன். "தகதகிட தகதகிட என்பது பத்து. அதை மூன்று முறை சொல்லித் தாளத்தை நிறைவு செய்ய வேண்டும். முப்பதுதான் வருகிறது. மிச்சம் இரண்டை என்ன செய்வீர்கள்?" ஒருவன் முதலில் வைத்தான், ஒருத்தி கடைசியில் வைத்தாள், எதுவும் காதுக்கு இனிக்கவில்லை. பிறகு வகுப்பில் மிக மெதுவாகப் படிக்கும் பிள்ளை என்று பெயர் வாங்கிய ஒருவன், "ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க விட்டா?" என்று கேட்டு, பத்துக்கும் பத்துக்கும் நடுவே ஒவ்வொரு மாத்திரை மௌனம் விட்டான். பத்து, ஒன்று, பத்து, ஒன்று, பத்து: முப்பத்திரண்டு. மண்டபமே கைதட்டியது. பள்ளியில் கணக்கில் தோற்றவன் அன்று கணக்கில் வென்றான்.

இன்னொரு நாள் சிலப்பதிகார மேடையைத் தரையில் வரைந்தோம். ஒரு கோலுக்கு இருபத்துநான்கு விரல் என்ற கணக்கில், ஏறத்தாழ இரண்டடி என்று கொண்டு, சுண்ணக்கட்டியால் ஏழுக்கு எட்டுக் கோடு போட்டோம். அந்தக் கோட்டுக்குள் நின்று ஆடியபோது, மாதவி நின்ற இடம் இவ்வளவுதான் என்று பிள்ளைகள் வியந்தார்கள். அன்று இலக்கியமும் கணிதமும் வரலாறும் ஒரே பாடமாயின.

முத்திரைப் பாடத்தையும் நம் மண்ணோடு சேர்த்தேன். நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணம் ஒற்றைக் கை முத்திரைகள் இருபத்தெட்டைச் சொல்கிறது. அவற்றைக் கொண்டு பால் வெட்டுவதைக் காட்டுங்கள் என்றேன். ஒரு பெண் பிள்ளை இடக்கையைப் பதாகமாக நிமிர்த்தி மரமாக்கினாள். வலக்கையை முட்டியாக்கிக் கத்தி பிடித்தாள். வாசலில் உட்கார்ந்து பேத்திக்காகக் காத்திருந்த ஒரு பாட்டி எழுந்து வந்தார். "வெட்டு அப்படி இல்ல கண்ணு. இடப்பக்கம் மேலேருந்து வலப்பக்கம் கீழ சாய்வா இறங்கணும். ஆழமா வெட்டிடாத, மரம் செத்துடும்" என்று தம் கையால் காட்டினார். முப்பதாண்டு பால் மரம் வெட்டிய கை அது. அந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூடப் பால் வெட்டிப் பார்த்ததில்லை. தோட்டங்கள் செம்பனையாகவும் தாமானாகவும் மாறிவிட்டன. அன்று எங்கள் ஆசிரியை அந்தப் பாட்டிதான்.

ஒரு தவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். தொடக்கக் காலத்தில் வெறும் சிமெண்டுத் தரையில் தட்டடவை மணிக்கணக்காகப் போடச் சொன்னேன். ஒரு பிள்ளைக்கு முழங்கால் வலி வந்து, மருத்துவரிடம் போக நேர்ந்தது. பரதத்தில் பாதம் தரையை அறைகிறது. தரை இடம் கொடுக்காவிட்டால் அந்த அதிர்ச்சி முழங்காலுக்கும் முதுகுக்கும் போகும். அதன் பின் ஓர் அன்பர் மரப்பலகைத் தரை அமைத்துக் கொடுத்தார். வெறும் வயிற்றில் வந்த பிள்ளைகளை முதலில் சாப்பிட வைத்துவிட்டே பாடம் தொடங்குவதையும் வழக்கமாக்கினோம்.

மதிப்பெண் எதற்கு?

"கலைக்கு மதிப்பெண்ணா?" என்று பெரியவர் ஒருவர் வருத்தப்பட்டார். அவர் கவலை நியாயமானதே. போட்டி வேறு, தேர்வு வேறு. கேரளத்தில் 1957 முதல் பள்ளிக் கலைவிழா மிகப் பெரிய அளவில் நடந்துவருகிறது. அதிலிருந்து புகழ்பெற்ற கலைஞர்கள் பலர் தோன்றியிருக்கிறார்கள். ஆனால் உடைக்கும் பயிற்சிக்கும் செலவிட முடியாத வீட்டுப் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்ற குறையும் அங்கே நெடுநாளாக உண்டு. போட்டியில் ஒருவர் வெல்ல மற்றவர்கள் தோற்க வேண்டும். தேர்வில் எல்லாரும் தேறலாம்.

நான் வகுத்த முறை இது. தாளத்துக்கு 25, அடவுக்கும் உடல் நிலைக்கும் 25, முத்திரைக்கும் பாவத்துக்கும் 20, ஏட்டுக்கு 20, வருகைக்கு 10. உடைக்கும் நகைக்கும் முக அழகுக்கும் மதிப்பெண் கிடையாது. பருத்திச் சுடிதாரும் இடுப்பில் ஒரு துப்பட்டாவும் போதும். தேர்வன்று பெற்றோரை அழைத்து, பிள்ளைகளின் ஏடுகளைப் பார்க்கச் செய்வோம். மகள் வரைந்த முத்திரைப் படங்களைப் பார்த்து ஒரு லாரி ஓட்டுநர், "இதுல இவ்வளவு படிப்பு இருக்கா டீச்சர்?" என்று கேட்டார். நடனம் ஒரு படிப்பு என்பதை ஒரு தந்தை ஏற்றுக்கொண்ட நாள் அது. அதன் பிறகு எஸ்.பி.எம். ஆண்டு வந்தும் அவர் மகளை நிறுத்தவில்லை.

அறநிலையம் செய்யக் கூடியது

நம் இடைநிலைப்பள்ளிகளில் பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்பு நடத்த 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடம் தருகிறது. கேட்ட இடங்களில் தமிழ் வகுப்பு நடந்தது. கேட்காத இடங்களில் நடக்கவில்லை. நடனத்துக்கு அத்தகைய சட்டம் இல்லை. ஆகவே முதல் படியை ஆலயமும் அறநிலையமுமே எடுத்துவைக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு சபை அதைத்தான் செய்தது.

நன்கொடையாளர்களுக்கு என் பணிவான விண்ணப்பம் இது. விழா மேடைக்கும் மின்விளக்கு அலங்காரத்துக்கும் நீங்கள் மனமுவந்து கொடுக்கிறீர்கள். அதில் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஓர் இரவின் மேடைக்குக் கொடுப்பதில் ஒரு பகுதியை ஆண்டின் நாற்பது சனிக்கிழமைகளுக்குக் கொடுங்கள். முதலாவது, தகுதியுள்ள ஓர் ஆசிரியருக்கு மூன்று ஆண்டுக்கு உறுதியான ஊதியம். ஆண்டுக்கு ஆண்டு ஆசிரியர் மாறினால் பாடம் நிலைக்காது. இரண்டாவது, மரத்தரை, தட்டுக்கழி, ஏடு. மூன்றாவது, தூரத்துத் தாமான்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வேன் வசதியும் ஒரு வேளை உணவும். நான்காவது, பள்ளி முதல்வர்களைச் சந்தித்து, இவ்வகுப்பைப் புறப்பாட நடவடிக்கையாக ஏற்கச் செய்தல். அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்குப் புறப்பாடத்துக்கும் பத்து விழுக்காடு உண்டு என்பதால், இது பெற்றோருக்கும் பயன் தரும். பள்ளிக்குள் நடக்கும்போது மலாய், சீனப் பிள்ளைகளும் வரலாம்; நம் பிள்ளைகளும் அவர்களிடம் சாப்பினும் ஜோகெட்டும் கற்கலாம். பரதத்தோடு கும்மியும் கோலாட்டமும் அந்தப் பாடத்திட்டத்தில் இருக்கட்டும். அவை நம் தோட்டத்துச் சொத்து.

எந்த ஆலயம் வகுப்பைத் தொடங்கினாலும் ஒரு விதியை மட்டும் எழுதி வாசலில் ஒட்டிவையுங்கள்: 'ஆடத் தெரியாதவர்கள் வரலாம்.' 1988-இல் கதவோரம் நின்ற அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லத் தவறிய பதில் அது. அவள் இப்போது எங்கே இருக்கிறாளோ தெரியாது. ஐம்பது வயதைத் தொட்டிருப்பாள். பேரக்குழந்தைகூட இருக்கலாம். அந்தக் குழந்தை என்றேனும் ஓர் ஆலய மண்டபத்து வாசலில் வந்து நின்றால், உள்ளே அழைத்து, பக்கத்தில் நிறுத்தி, தோளில் தட்டித் தாளம் சொல்லிக் கொடுக்க ஓர் ஆசிரியர் அங்கே இருக்க வேண்டும். எங்கள் லயத்துப் பாட்டி செய்தது அதுதான்.

தில்லைக் கூத்தன் திருவருள் அதற்குத் துணை நிற்பதாக.